அருள்வாக்கும் அருமருந்தும்

நோயுற்றவன் எதை நம்புவான்? உயிர் ஊசலாடும் வேளையில் எவர் எதை நீட்டினாலும் வாங்கி விழுங்குவான். அவனை நாம் குறை கூறோம். துன்பத்தில் உழலும் மனிதனுக்கு நம்பிக்கை ஒரு தேவை. ஆனால் அந்த நம்பிக்கையைக் குப்பியில் அடைத்து விற்போரையும், அவ்வியாபாரத்துக்கு மேடை அமைத்துக் கொடுக்கும் ஆட்சியாளரையும் கண்டு வாய்மூடியிருப்பது, கல்வி கற்றோர் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு அழகன்று. 'இயற்கை மருந்து', 'பக்கவிளைவு இல்லாதது', 'நம் முன்னோர் கண்டது' என்னும் மூன்று சொற்றொடர்களைக் கவசமாக அணிந்து உலாவரும் பொய்யைப் பற்றிச் சிறிது விரிவாகவே பேச விரும்புகின்றோம்.

கண்டியிலிருந்து கொழும்பு செல்லும் பெருவீதியில் கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டி இறங்கினால் கேகாலை வரும். அதன் அயலிலுள்ள ஹெட்டிமுல்ல என்னும் சிற்றூர் 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நாடறிந்த யாத்திரைத் தலமாயிற்று. கொரோனாக் கொள்ளைநோயிலிருந்து மக்களை ஆயுள் முழுவதும் காக்கவல்ல பாணி ஒன்றின் செய்முறையைக் காளியம்மை தமக்கு உணர்த்தியதாகத் தம்மிக்க பண்டார என்பவர் அறிவித்தார். தேனும் சாதிக்காயும் அதில் முக்கியமான சரக்குகள். மக்கள் கூட்டமாகக் கூடலாகாது என்று அரசாங்கமே விதித்திருந்த நாள்களில், ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரச அச்சிற்றூரில் காத்து நின்றனர். நோயைத் தடுக்கும் பாணியைப் பெறச் சென்றவர்கள், நோய் பரவுவதற்கு வேண்டிய அனைத்தையும் செய்துவிட்டு வீடு திரும்பினர்.

பாணி செய்தவரை ஏளனம் செய்வது எளிது. அவர் தச்சுத் தொழிலாளி என்று சொல்லி நகைத்தவர்களும் உண்டு. அந்த நகைப்பில் நமக்குப் பங்கில்லை. உளி பிடித்த கை மருந்து காணலாகாது என்று விதி எதுவும் இல்லை. சொன்னவர் யார் என்று நாம் கேட்கவில்லை. சொன்னது சோதிக்கப்பட்டதா என்றே கேட்கின்றோம். சோதிக்க வேண்டிய பொறுப்பிலிருந்தவர்கள் அப்போது என்ன செய்தார்கள்? சுகாதார அமைச்சராயிருந்த பவித்ரா வன்னியாராச்சி அப்பாணியைக் கமெராக்களின் முன்னே அருந்திக் காட்டினார். அதற்கு முந்திய மாதத்தில்தான் அவர் நோய் நீங்கும் பொருட்டு மந்திரித்த நீரைக் குடத்தோடு ஆற்றில் விட்டிருந்தார். 2021 ஜனவரிப் பிற்பகுதியில் அமைச்சருக்கே தொற்று உண்டாயிற்று. அவர் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். அது நமக்கும் மகிழ்ச்சியே. ஆற்றில் குடம் விடும் யோசனையை வழங்கிய எலியந்த வைட் என்னும் பிரபல சிகிச்சையாளரோ, அதே ஆண்டு செப்டெம்பரில் அந்நோய்க்கே இரையானார். அம்மரணத்தைக் கண்டு நகைக்க எவருக்கும் உரிமையில்லை.

இங்கே நம் நண்பர்கள் பலர் செய்யும் தவறொன்றைச் சுட்ட வேண்டும். 'பாணி குடித்த அமைச்சருக்கே நோய் வந்துவிட்டதே, பொய் வெளுத்துவிட்டது' என்று அவர்கள் வெற்றி முழக்கமிட்டனர். இது வாதமாகாது. ஒருவர் குணமடைந்ததால் ஒரு மருந்து மெய்யாகிவிடாதது போலவே, ஒருவர் நோயுற்றதால் அது பொய்யாகியும் விடாது. எதிரியின் பிழையான தர்க்கத்தை நாமே கையில் எடுத்தால், நாளை பாணி குடித்து நோயுறாத பத்துப் பேரை அவர்கள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அப்போது நம்மிடம் மறுமொழி இராது. கொரோனா கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த மருந்துமின்றியே தேறினார்கள். அத்தகைய நோய்க்குப் பாணியைக் கொடுத்தாலும் பச்சைத் தண்ணீரைக் கொடுத்தாலும் பெரும்பாலோர் தேறவே செய்வர். புகழ் மட்டும் குப்பியைச் சேரும்.

பின் எப்படி உண்மையை அறிவது? நாம் வாழும் குண்டசாலையில் விவசாயக் கல்லூரி ஒன்றுண்டு. விவசாயம் கற்கும் எந்த மாணவனைக் கேட்டாலும் விடை சொல்வான். புதிய உரம் நல்லதா என்று பார்க்க வேண்டுமானால் ஒரே மண்ணில், ஒரே விதையில், ஒரே நீர்ப்பாய்ச்சலில் இரு பாத்திகள் அமைக்க வேண்டும். ஒன்றுக்கு உரமிட்டு மற்றதற்கு இடாமல் விட்டு, அறுவடையை நிறுத்துப் பார்க்க வேண்டும். மருந்துச் சோதனையின் சாரமும் இதுவே. மருந்து பெற்றோர் ஒரு சாரார், பெறாதோர் ஒரு சாரார். எவர் எதைப் பெற்றார் என்பது நோயாளிக்கும் தெரியாது, கணக்கெடுக்கும் வைத்தியருக்கும் தெரியாது. முடிவில் எண்கள் பேசும். கத்தரிச் செடிக்குக் கொடுக்கும் இந்த மரியாதையை மனித உடலுக்குக் கொடுக்க மறுப்பது எவ்வகை நியாயம்? பயிர்களுக்கும் அம்மரியாதை மறுக்கப்பட்ட ஆண்டு ஒன்றுண்டு என்பதை நாம் மறக்கவில்லை. 2021 மே மாதத்தில் 'இயற்கை விவசாயம்' என்ற முழக்கத்தோடு இரசாயன உரத்தின் இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்தது. ஆறு மாதங்களில் அம்முடிவிலிருந்து பின்வாங்க நேர்ந்தது. அதற்குள் உழவனின் விளைச்சல் விழுந்துவிட்டது. முழக்கமிட்டவர்களின் சோற்றுத் தட்டு குறையவில்லை.

இது இலங்கைக்கே உரிய பேதைமை என்றும் எண்ணிவிடலாகாது. விஞ்ஞானத்தில் முன்னணி வகிக்கும் அமெரிக்காவில் 'கூழ்ம வெள்ளி' என்னும் சரக்கு நெடுங்காலமாக விற்பனையாகின்றது. கண்ணுக்குப் புலப்படாத வெள்ளித் துகள்கள் நீரில் மிதக்கும் திரவம் அது. தடிமன் முதல் புற்றுநோய் வரை அது தீர்க்காத பிணி இல்லை என்பது விற்போரின் கூற்று. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜிம் பேக்கர் என்னும் தொலைக்காட்சிப் போதகரின் நிகழ்ச்சியில் அத்தகைய வெள்ளிக் கரைசல் புதிய கொள்ளைநோய்க்கும் பயன்படும் என்ற தோற்றத்தோடு விற்கப்பட்டது. மார்ச் மாதத்தில் அந்நாட்டு அதிகாரிகள் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினர்; மிசூரி மாநிலம் வழக்குத் தொடுத்தது. 2021இல் அவ்வழக்கு, வாங்கியவர்களுக்கு ஏறத்தாழ 156,000 டொலரைத் திருப்பிக் கொடுப்பதென்ற உடன்பாட்டில் முடிந்தது. ஹெட்டிமுல்லவில் காளி, அங்கே கிறிஸ்து. தெய்வங்கள் வேறு, வியாபாரம் ஒன்றே.

வெள்ளிக்கு மருத்துவத்தில் இடமே இல்லையா? உண்டு. 1880களில் லைப்சிக் நகரத்துப் பேறுகால மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்களில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை ஒரு துளி இட்டார். அதற்கு முன் அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளளவில் பீடித்து வந்த கண்நோய் ஒன்றுக்கும் கீழாகக் குறைந்தது. எண்ணற்ற குழந்தைகள் குருடாகாமல் தப்பினர். 1960களிலிருந்து தீப்புண்ணுக்கு வெள்ளி சேர்ந்த களிம்பு பூசப்படுகின்றது. ஆயினும் கவனிக்க வேண்டும்: இவையெல்லாம் குறித்த நோய்க்கு, குறித்த அளவில், உடலின் வெளிப்புறத்தே, எண்ணிக் கணக்கிட்டுக் காட்டப்பட்ட பயன்கள். கண்ணாடித் தட்டிலுள்ள கிருமியை வெள்ளி கொல்லும் என்பது மெய். சவர்க்காரமும் கொல்லும், நெருப்பும் கொல்லும். அதற்காக எவரும் சவர்க்காரத்தை விழுங்குவதில்லை. வெள்ளியைக் குடித்து வந்தவர்களின் உடலில் அது படிந்து, தோல் நீலமும் சாம்பலும் கலந்த நிறமாய் மாறியதுண்டு. ஆர்ஜைரியா என்பது அந்நிலையின் பெயர்; ஏறிய நிறம் பின்னர் இறங்குவதில்லை. உட்கொள்ளும் கூழ்ம வெள்ளி எந்நோய்க்கும் பயனுள்ளதென்றோ பாதுகாப்பானதென்றோ ஏற்பதற்கில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1999இலேயே விதி செய்துவிட்டது. இருந்தும் 'உணவுத் துணைப்பொருள்' என்ற வேறு பெயரில் அது இன்னும் கடையேறுகின்றது. மருந்தென்று சொன்னால் சான்று கேட்பார்கள்; உணவென்று சொல்லிவிட்டால் கேட்க ஆளில்லை.

'இயற்கையானது தீங்கு செய்யாது' என்பது இவர்களின் மூலமந்திரம். வேலியோரத்து மஞ்சள் அலரியும் இயற்கையே. அதன் விதையால் நம் நாட்டில் மாண்டவர்கள் கொஞ்சமல்லர். கார்த்திகைக் கிழங்கும் இயற்கையே. தின்றவனைக் கொல்லும் அதே செடியின் விதையிலிருந்து அளந்தெடுத்த கொல்கிசின் முடக்குவலியைத் தணிக்கின்றது. இயற்கைக்கு நம்மீது பகையுமில்லை, பரிவுமில்லை. நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது அளவும் ஆராய்ச்சியுமே.

ஆகவே, நாம் சுதேச வைத்தியத்தின் எதிரிகள் என்று எவரும் பழி சுமத்த வேண்டாம். முறிந்த எலும்பைப் பொருத்தும் கிராமத்து வைத்தியரின் கைத்திறனை நாம் மதிக்கின்றோம். மதிப்பதனாலேயே அது சோதிக்கப்பட வேண்டும் என்கின்றோம். 1967இல் மக்கள் சீனம், மலேரியாவுக்கு மருந்து தேடும் பணியைத் தொடங்கியது. அதிலீடுபட்ட தூ யூயூ என்னும் பெண் விஞ்ஞானி பழைய மருத்துவச் சுவடிகளைப் புரட்டினார். ஆயிரத்தாறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய நூலொன்றில் ஒரு பூண்டைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழியும் குறிப்பைக் கண்டார். கண்டதும் முரசறையவில்லை. சாற்றைப் பிரித்தார், விலங்குகளில் சோதித்தார், தம் உடலிலும் ஏற்றிப் பார்த்தார், பின்னரே நோயாளிக்குக் கொடுத்தார். ஆர்ட்டெமிசினின் பிறந்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. முன்னோரை மதிப்பது என்றால் இதுவன்றோ! முன்னோரின் பெயரைக் குப்பியின்மேல் ஒட்டுவது மதிப்பன்று. அது அவர்களை விற்பது.

சான்றில்லாமல் பாணியை வரவேற்ற அதே ஆட்சி, அதே மாதங்களில் வேறொரு காரியமும் செய்தது. கொரோனாவால் மாண்ட முஸ்லிம்களின் உடல்களை அடக்கம் செய்ய விடாமல் எரித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், நிலத்தடி நீர் நஞ்சாகும் என்ற ஆதாரமற்ற அச்சத்தையே காரணமாகக் காட்டிற்று. 2021 பெப்ரவரியில்தான் அத்தடை நீங்கியது. மன்னிப்புக் கோர 2024 ஜூலை வரை சென்றது. பெரும்பான்மையின் பெருமிதத்தை வருடும் பாணிக்குச் சான்று வேண்டாம். சிறுபான்மையின் புதைகுழிக்கோ எந்தச் சான்றும் போதாது! விஞ்ஞானத்தைக் கைவிடும் ஆட்சி மூடத்தனத்தோடு நின்றுவிடாது; கொடுமைக்கும் கை நீளும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா?

கேகாலை இதைவிடச் சிறந்த வரலாற்றை உடையது. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் குடித்தபோது மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலையும் ஒன்று. அன்று சூரிய மல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குள் சென்றனர். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களில் இருந்தனர். கொசுவோடு பட்டினியும் கூடியே மக்களைக் கொல்கின்றது என்ற உண்மையை அவர்கள் நாட்டுக்கு உரைத்தனர். அதன் பின்னர் பல தலைமுறைச் சுகாதார ஊழியர்கள் இரத்தத் துளிகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துப் பார்த்து, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற பெயரைப் பெற்றுத் தந்தனர். ஆற்றில் விட்ட குடத்தால் அது ஆகவில்லை.

அந்த விக்கிரமசிங்கவோடு சேர்ந்து 1971இல் நாட்டின் மருந்துக் கொள்கையை வகுத்தவர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே. 2,100 அளவிலிருந்த இறக்குமதி மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தார். வியாபாரப் பெயரை நீக்கி மூலப்பெயரால் மருந்தை வாங்க வைத்தார். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவி ஏழைக்கு எட்டும் விலையில் மருந்தளிக்க வழி செய்தார். பன்னாட்டுக் கம்பெனிகளின் பளபளப்பான குப்பியிடமும் அவர் கேட்டது இதே கேள்வியைத்தான்: சான்று எங்கே? இதற்கு இத்தனை விலை ஏன்? பாணிக்காரரிடம் கேட்கும் கேள்வியைக் கம்பெனியிடம் கேட்கத் துணியாதவன் விஞ்ஞானத்தின் தோழனல்லன். வேறொரு வியாபாரியின் ஏவலாளே.

அக்கொள்கை தேய்ந்ததன் விளைவை நாம் கண்முன் கண்டோம். 2022 மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே மருந்துப் பற்றாக்குறையால் சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கு வந்த இம்யூனோகுளோபுலின் தரமற்றது என வெளிப்பட்டது. அவ்விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே கைதானார். தீர்ப்பு நீதிமன்றத்துக்கு உரியது. ஆனால் வைத்தியசாலையில் மருந்தில்லை, இருப்பதையும் நம்புவதற்கில்லை என்று மக்கள் அஞ்சும்போது, மந்திரக் குப்பிக்குச் சந்தை தானே திறக்கின்றது. ஒரு நாட் கூலியை இழந்து தோட்டத்திலிருந்து நகர வைத்தியசாலைக்கு வரும் தொழிலாளப் பெண், நீண்ட வரிசையில் நின்று, தன் மொழி அறியாத உத்தியோகத்தரிடம் நோயைச் சொல்ல இயலாமல் திரும்புகின்றாள். அவளிடம் இனிய தமிழில் பேசி ஒரு குப்பியை நீட்டுபவன் அவள் கண்ணுக்குத் தெய்வமாகத் தோன்றுவதில் வியப்பென்ன? மூடநம்பிக்கையைத் திட்டுவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. அவள் மொழியில் பேசும் வைத்தியரும், அவள் வாசலுக்கு எட்டும் மருந்தும் கிடைக்கும்வரை போராடுவதும் நம் கடனே.

ஆசிரியர்களாகிய நாம் நாளையே தொடங்கக்கூடிய காரியமும் ஒன்றுண்டு. நம் மாணவர் கைத்தொலைபேசியில் நாள்தோறும் புதிய அருமருந்துகள் வந்து விழுகின்றன. அவற்றை மனனம் செய்த விஞ்ஞானத்தால் வெல்ல முடியாது. மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம்: எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? கொடுக்காதவர்கள் என்ன ஆனார்கள்? இதனால் பணம் பெறுபவர் யார்? இம்மூன்றையும் அருள்வாக்கிடமும் கேட்கலாம், அமைச்சரிடமும் கேட்கலாம், கம்பெனியிடமும் கேட்கலாம். சான்று கேட்பது படித்தவனின் செருக்கன்று. ஏமாற்றப்படாமல் வாழ ஏழைக்குள்ள உரிமை. அந்த உரிமையைத் தேன் தடவிப் பறிக்க வருபவன் எத்தெய்வத்தின் பெயரைச் சொன்னாலும், எந்நாட்டுக் கொடியைப் பிடித்தாலும், நாம் அவனுக்கு வழிவிடோம்.