ஹெட்டு விரிசல் யார் கணக்கில்?

நாகை மாவட்டத்து மீன்பிடித் துறை ஒன்றில் சமீபத்தில் ஒரு கணக்குத் தீர்க்கப்பட்டது. நடுக்கடலில் என்ஜின் நின்றுபோன விசைப்படகை வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. சிலிண்டர் ஹெட்டில் விரிசல். பட்டறைச் செலவு, இழுத்து வந்த கூலி இரண்டையும் டீசல், ஐஸ் செலவோடு சேர்த்துக் கழித்த பிறகே படகு முதலாளி பங்கு பிரித்தார். ஆறு தொழிலாளர்கள் வெறுங்கையோடு வீடு போனார்கள். டிரைவருக்கு மட்டும் உபரியாக ஒன்று கிடைத்தது: என்ஜினைக் கெடுத்தவன் என்ற பட்டம்!

ஆலைத் தோழர்களே, கடல் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். தறி கெட்டால் உங்களுக்கு அபராதம் போட்டார்கள். பண்ணை மாடு நொண்டினால் பண்ணையாளின் நெல்லில் பிடித்தார்கள். அதே கைதான் இங்கே படகில் ஏறியிருக்கிறது.

ஹெட்டு ஏன் வெடிக்கிறது? வயலில் டீசல் பம்ப்செட் ஓட்டியவருக்கு இது எளிதில் விளங்கும். சிலிண்டரின் மேல் போல்ட் போட்டு இறுக்கிய வார்ப்பிரும்பு மூடிதான் ஹெட்டு. அதன் அடியில் டீசல் எரிகிறது. அதற்குள்ளே தண்ணீர் ஓடச் சந்துகள் உண்டு. இரண்டு வால்வுகளுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான இடம் கடுமையாகக் காயும். தண்ணீர் குறைந்தால் பெரும்பாலும் அங்கேதான் முதல் கீறல் விழும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, வெடிக்கும்.

பழைய படகு என்ஜின்கள் பலவற்றில் கடல்நீரே நேராக உள்ளே ஓடுகிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீர் அது. சூடு 60 டிகிரியைத் தாண்டிப் போனால் உப்பும் சுண்ணாம்பும் சந்துகளில் படியும். வருஷக்கணக்கில் படிந்து வழியை அடைக்கும். நல்ல தண்ணீர் சுற்றும் என்ஜினிலும், அதைக் குளிரவைக்கும் கடல்நீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் அதே கதிதான். இதைத் தடுக்க வேண்டியவை என்ன? தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு, சந்துகளைக் கழுவும் வேலை. புது ஹெட்டின் விலைக்கு முன் இவை அற்பச் செலவு. அந்த அற்பமும் முதலாளிக்குக் கசக்கிறது!

டிரைவர் தவறே செய்யமாட்டார் என்று நாம் சாதிக்கவில்லை. கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டு வெடிக்கும். அப்படி ஊற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் இந்தப் படகில் சூடு காட்டும் மீட்டர் செத்து எத்தனை நாள் என்று யாருக்கும் நினைவில்லை. வலையைச் சுருட்டிக்கொண்டு பாதியில் திரும்பினால் வசவு யாருக்கு?

இந்த டிரைவர் தடைக்காலத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார்: தண்ணீர் குறைகிறது, புகை வெள்ளையாக வருகிறது, ஆயில் மோர்போல் வெளுத்துவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பட்டறைப் பையனுக்குக்கூடச் சந்தேகம் ஹெட்டின் மேலும் கேஸ்கெட்டின் மேலும்தான் போகும். தடைக்காலத்தில் பார்க்கலாம் என்றார் முதலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடந்தது. படகுக்குப் பளபளவென்று பெயிண்ட் ஏறியது. ஹெட்டுக்கு ஒரு பிற்பகல் வெல்டிங்!

வார்ப்பிரும்பை அப்படி ஒட்ட முடியாது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி பூசினால் விரிசல் எதுவரை ஓடுகிறது என்று கோடாகத் தெரியும். அதன் இரு முனையிலும் துளை போட வேண்டும். ஹெட்டு முழுவதையும் மெல்லச் சூடேற்றி, நிக்கல் ராடால் ஒட்டி, சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். பிறகு முகத்தை மட்டமாகச் சீவி, தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். வால்வு சீட்டின் குறுக்கே போன விரிசலுக்குப் புது ஹெட்டுதான் யோக்கியமான மருந்து. குளிர்ந்த இரும்பில் அவசரமாக வைத்த ஒட்டு, ஒட்டின் பக்கத்திலேயே மறுபடி வெடித்தது. இதில் டிரைவரின் குற்றம் எங்கே?

"லாபத்தில் பங்கு வாங்குபவன் நஷ்டத்தில் பங்கு ஏற்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். மீன் படாத நாளின் நஷ்டத்தைத் தொழிலாளி தன் வயிற்றால் ஏற்கனவே ஏற்கிறான். என்ஜின் யாருடையது? நாளை அதை விற்றால் அந்தப் பணத்தில் ஆறு பங்கு பிரிப்பாரா? விற்கும்போது தனிச்சொத்து, வெடிக்கும்போது பொதுச்சொத்தா?

வெள்ளைக்காரன் காலத்து 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டம்கூட, ஒப்படைத்த பொருள் கெட்டதற்குத் தொழிலாளியின் அலட்சியமே நேர்க்காரணமாக இருந்தால்தான், அதுவும் அவன் பதிலைக் கேட்ட பிறகுதான் சம்பளத்தில் பிடிக்கலாம் என்றது. கடல் தொழிலாளிக்கோ "பங்காளி" என்ற மரியாதைப் பெயரைச் சூட்டிச் சம்பளச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வாயைத் திறந்தால் முன்பணத்தைத் திருப்பு என்பார்கள்.

பணத்தோடு போவதில்லை இது. என்ஜின் செத்த படகைக் காற்றும் நீரோட்டமும் இழுக்கும். 1974, 1976 ஒப்பந்தங்கள் இலங்கைக்கும் நமக்கும் நடுவே வரைந்த கோடு அதற்குத் தெரியாது. பிடிபட்டால் சிறைக்குப் போவது படகில் இருப்பவன். முதலாளி கரையில் இருப்பார்.

ஹெட்டு, என்ஜின், கியர் செலவு முழுவதும் படகின் பங்கிலிருந்தே போக வேண்டும். பொதுக் கணக்கில் ஒரு காசும் ஏறக்கூடாது. தடைக்காலத்தில் என்ஜினைத் திறந்து, தொழிலாளர் முன்னிலையில் தண்ணீர்ச் சோதனை நடத்த வேண்டும். டிரைவர்களும் இனி வாய்ச்சொல்லோடு நிற்க வேண்டாம். தண்ணீர் குறைந்த தேதியை நோட்டில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் அதையும் எழுதிவைத்து, படகின் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து சங்கத்துக்கு வாருங்கள்.