பெயருக்குள் ஒரு 'த'

மடுல்கெல்லயில் என்னிடம் ஓதும் பிள்ளையின் தாயார் உம்மாவின் அமெரிக்க விசா விண்ணப்பத்தோடு வந்தார். தம்பி எழுதித் தந்த ஊர் 'த வூட்லண்ட்ஸ்'. ஊர்ப் பெயருக்கு முன் 'த' வரக்கூடாது என்று மகள் அதை வெட்டியிருந்தாள்.

மகள் படித்த சட்டம் சரிதான். கண்டிக்கும் பன்விலைக்கும் ஆங்கிலத்தில் 'த' கிடையாது. நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு உண்டு. ஆனால் டெக்சாஸில் ஹூஸ்டன் நகருக்கு வடக்கே, 1974-ல் திறக்கப்பட்ட அந்தப் புறநகரின் பெயரே 'த வூட்லண்ட்ஸ்'தான். 'த' அங்கே பெயரின் உறுப்பு. வசனத்தின் நடுவில் வந்தாலும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். நெதர்லாந்தின் 'த ஹேக்' நகரும் அப்படித்தான். நியூயோர்க்கின் பிரோங்ஸுக்கும் 'த' சேர்ப்பார்கள். அந்தப் பெயர் அங்கு ஓடும் ஆற்றிலிருந்து வந்தது.

அரபு படித்தவனுக்கு இது புதினமில்லை. மதீனாவுக்கு 'அல்' உண்டு, மக்காவுக்கு இல்லை. அரபியில் ரியாதுக்கு உண்டு, ஜித்தாவுக்கு இல்லை. ஏன் என்று கேட்டால் வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலமோ ரியாதின் 'அல்'லை விட்டுவிட்டது!

வெட்டியதைத் திரும்ப எழுதிய மகள், "மௌலவி, நம்ம ஊருக்கு இங்கிலீஷில ஒரு 'எல்'லா, ரெண்டா?" என்றாள். இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். பாஸ்போட்டில் உள்ளபடியே விண்ணப்பத்திலும் எழுதச் சொன்னேன். தாயார் பையைத் திறந்தார். பாஸ்போட்டில் இரண்டு; பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒன்று. மொழிபெயர்ப்பைத் திருத்த மறுநாள் காலையே கண்டிக்கு பஸ் ஏறினார்கள்.