வள்ளியின் வாயை அடைக்காதீர்

'வள்ளி திருமண'த்தைத் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி சுருக்க வேண்டுமாம். எதைச் சுருக்குவது என்று கேட்டால் இரண்டைக் காட்டுகிறார்கள்: பபூன் காட்சி, நாரதர்–வள்ளி தர்க்கம். இவ்விரண்டும் போனபின் எஞ்சுவது பக்திப்படம் ஒன்று, நாடகமன்று.

ஊடகம் மாறுவதில் நமக்குப் பிணக்கில்லை. 1933-லேயே டி. பி. ராஜலட்சுமி நடிக்க, இக்கதை திரைப்படமாயிற்று. நம் வழக்கு வேறு. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) இந்நாடகம் ஸ்பெஷல் நாடக மேடையில் நிலைத்தது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி அன்றிரவே மேடையில் சந்திப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். நாரதர் அடுத்து என்ன கேட்பார், வள்ளி எப்படி மடக்குவாள் என்பது எவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. முன்பே பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைக்கவைத்தால் அந்த உயிர் அப்போதே போய்விடும்.

"தெய்வத்தைக் கேலி செய்யலாமா?" என்பார்க்குக் காரைக்கால் பட்டினச்சேரி விடை சொல்லும். மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். தாயாரைத் தம் குலமகளாகக் கொள்ளும் பட்டினச்சேரி மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று வரவேற்கிறார்கள். பெண் கொடுத்த வீட்டாருக்கு மாப்பிள்ளையை வணங்கவும் தெரியும், சீண்டவும் தெரியும். குறவர்குலப் பெண்ணைத் தேடி வேடனாகவும் கிழவனாகவும் வந்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் முருகனும் அத்தகைய மாப்பிள்ளையே. அங்கே கேலி, உறவின் உரிமை.

"நேயர்களுக்குப் பொறுமையில்லை" என்பது அடுத்த சாக்கு. நூற்றுக்கணக்கான பகுதிகள் ஓடும் தொடர்களைப் பார்ப்பவர்கள் யார்? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டிமன்றத்தின் முன் அமர்பவர்கள் யார்? தர்க்கம் கேட்க நம் மக்களுக்குக் காது உண்டு, காட்டத்தான் ஆளில்லை.

பபூனின் இரட்டை அர்த்தப் பேச்சைக் குறைக்கலாம்; அதற்காகப் பபூனையே துரத்த வேண்டியதில்லை. ஊர்த்திடலில், மக்கள் முன்னிலையில், ஆர்மோனியமும் மிருதங்கமும் உடன் ஒலிக்க, விடியவிடிய நடப்பதை அப்படியே பதிவு செய்யுங்கள். வாரம் ஒரு பகுதியாக ஒளிபரப்புங்கள். நடிகர் தடுமாறினால் அந்தத் தடுமாற்றமும் இருக்கட்டும். மேடையில் தொலைவில் தெரியும் முகத்தை அருகே கொணர்வது கேமராவின் பேறு. அதைச் செய்துவிட்டு ஒதுங்கி நிற்கட்டும்.

சுவாமிகள் மறைந்தது புதுச்சேரியில். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்குகிறது. பெயர் நிலைத்துவிட்டது, வள்ளியின் பேச்சும் நிலைக்க வேண்டாமா?