லோதேபாருக்கு யார் போவார்?



வெளிநாட்டில் வாழ்வோர் விடுப்பில் ஊர் திரும்பும் டிசம்பர், ஜனவரி மாதங்கள் நம் கோவையில் பழைய மாணவர் சந்திப்புகளின் காலம். 1852-இல் பள்ளியாகத் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி, 1906-இல் சைதாப்பேட்டையிலிருந்து இங்கு வந்த வேளாண் கல்லூரி, 1945-இல் பிறந்த அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1951-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி என்று கல்லூரிகளால் வளர்ந்த ஊருக்கு இது இயல்பே. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே விடுதி அறையில் அரிசிம்பருப்பைப் பகிர்ந்து உண்டவர்கள், நரைத்த தலையோடு கட்டித் தழுவிக்கொள்வதை நான் குறைகூறவில்லை. அழைக்கும் முறையைத்தான் குறைகூறுகிறேன்.

தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். அவினாசி சாலையில் ஒரு நட்சத்திர விடுதி. அனைவருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. பின்னர் ஒவ்வொருவராக ஒலிவாங்கியைப் பிடித்து, ஓய்வு பெற்றபோது வகித்த பதவியையும் பிள்ளைகள் குடியேறிய நாடுகளையும் அறிவிக்க வேண்டும். வராதவர்களைப் பற்றிக் கேட்டால், "குழுவில் எல்லாருக்கும் செய்தி போட்டோம், விருப்பமுள்ளவர்கள் வந்தார்கள்" என்கிறார்கள். இந்தப் பதிலை நான் ஏற்க மாட்டேன். கொங்கு மண்ணில் ஒரு விசேஷத்துக்கு வெறுங்கையோடு போக யாரும் துணிவதில்லை. சொல்லிக்கொள்ளப் பதவியும் இல்லை, கட்டப் பணமும் இல்லை என்பவன் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவான். அதற்கு விருப்பமின்மை என்று பெயரிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது.

(1945-இல் தொடங்கிய அக்கல்லூரி உருவாகப் பாடுபட்டவர் ஜி.டி. நாயுடு. தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். "எந்த ஆண்டு, எந்தத் துறை" என்று அந்த மேடையில் கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திராது.)

வராதவர்கள் யார்? பஞ்சாலையை நம்பிப் படித்தவர்கள் உண்டு. ஆலைகள் ஒவ்வொன்றாக நலிந்தன. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றபோது, ஓய்வுக்கு ஓரிரு ஆண்டுகளே இருந்தவர்களும் வாசலில் காத்து நின்றார்கள். வார்ப்படப் பட்டறை வைத்துக் கடனில் மூழ்கி, ஊரை விட்டே போனவர்கள் உண்டு. மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களின் நிலை வேறு. மணமானதும் முன்னெழுத்து மாறி, ஊர் மாறி, எந்தப் பட்டியலிலும் அகப்படாமல் போனார்கள். நண்பர் இறந்தபின் அவருடைய மனைவியை யார் அழைக்கிறார்கள்?

இன்னொரு கூட்டமும் உண்டு. அதைப் பற்றிப் பேச நாம் தயங்குகிறோம். 1997 நவம்பரில் கலவரம். 1998 பிப்ரவரி 14-இல் குண்டுவெடிப்புகள். இரண்டிலும் உயிர்கள் போயின. அதன்பின் கோட்டைமேட்டு நண்பனின் வீட்டுக்குப் போவதை நிறுத்தியவர்கள் எத்தனை பேர், நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்பதை ஐம்பது வயதைக் கடந்த கோவையர் அறிவர். சண்டை எதுவும் நடக்கவில்லை. பேச்சு நின்றது, அவ்வளவுதான். எந்தக் குழுச் செய்தியும் அந்த மௌனத்தைக் கலைக்காது.

இப்போது 2 சாமுவேல் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இறந்துபோன தன் நண்பன் யோனத்தானின் பொருட்டு, சவுலின் வீட்டாரில் எவரேனும் மீந்திருக்கிறாரா என்று தாவீது விசாரிக்கிறான். பொது அறிவிப்பு எதுவும் கொடுத்துவிட்டு அவன் அரண்மனையில் காத்திருக்கவில்லை. சீபா என்னும் பழைய வேலைக்காரனைப் பிடித்து முகவரி கேட்கிறான். லோதேபாருக்கு ஆள் அனுப்புகிறான். அங்கே இரண்டு கால்களும் முடமான மேவிபோசேத், மாகீர் என்பவனின் வீட்டில் ஒண்டியிருக்கிறான். யோனத்தான் மடிந்தபோது அவனுக்கு ஐந்து வயது. தாவீது அவனைத் தேடியபோது அவனுக்கே ஒரு சிறு மகன் இருந்தான். நினைவு கூர்வதில் தாவீதும் தாமதித்தவன்தான். ஆகவே, "இத்தனை ஆண்டு கழித்து எந்த முகத்தோடு போவது" என்னும் சாக்கு நமக்கு இல்லை.

மேவிபோசேத் அந்த அழைப்பைக் கண்டு மகிழ்ந்தானா? அஞ்சி நடுங்கினான். தாழ்ந்து போனவனுக்கு அழைப்பே அச்சம் தரும். அரசன் முதலில் அவனுடைய அச்சத்தைப் போக்கினான், நிலத்தைத் திருப்பிக் கொடுத்தான், நாள்தோறும் தன் பந்தியில் உட்கார வைத்தான். ஒரு நாள் விருந்தோடு அனுப்பிவிடவில்லை.

"வயதான காலத்தில் நாலு பேர் சிரித்துப் பேசினால் போதகருக்கு என்ன?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். சிரியுங்கள். ஆனால் சௌகரியமாக வாழ்ந்தவர்கள் மட்டும் கூடிவிட்டு, அதற்கு "எங்கள் வகுப்பு" என்று பதாகை கட்டாதீர்கள். வகுப்பில் அறுபது பேர் இருந்தார்கள்.

இந்த வாரம் இறுதியாண்டுக் குழுப்படத்தை வெளியே எடுங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் எதிரே, அவர் இன்று எங்கே இருக்கிறார் என்று எழுதுங்கள். எழுத முடியாத முகம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் முகவரி அறிந்த ஒரு சீபா எங்காவது இருப்பார். தேநீர்க் கடைக்காரரோ, பழைய விடுதிச் சமையலரோ, ஒன்றுவிட்ட தம்பியோ. உக்கடத்தில் பொள்ளாச்சிப் பேருந்தோ காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பேருந்தோ ஏறிப் போங்கள். சந்திப்பைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் முதல் நாளே பேச வேண்டாம். அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். அவர்கள் தருவதை வாங்கிக் குடியுங்கள். அடுத்த மாதம் மறுபடியும் போங்கள்.