கொல்லாமையின் பெயரால்

கோழி வளர்ப்பு யாழ்ப்பாணத்து வளவு வாழ்க்கையின் பிரிக்கவியலாத ஓர் அங்கமாகும். காலையிற் கூடு திறப்பதும், மாலையில் எண்ணி அடைப்பதும், அடைக்கு முட்டை வைப்பதும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. முட்டை விற்ற காசு பிள்ளையின் கொப்பிக்கும் பேனைக்கும் ஆகின்றது. 2009 இல் போர் முடிவுற்ற பின்னர் வன்னியில் மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட வாழ்வாதார உதவிகளுள் கோழிக்குஞ்சுகளும் அடங்கியிருந்தன. இவ்வாறு ஒரு குடும்பத்தின் சுமையில் பங்கேற்கும் இப்பறவை, நோயுற்றுத் தேறமுடியாத நிலையை அடையும்போது அதற்கு நேர்வது யாது? இவ்வினாவை எழுப்புவோர் அரியர். கோழி அற்பப் பிராணி. ஆதலின் அதன் சாவும் அற்பமானது என்பதே பொதுக் கருத்து. இக்கருத்தின் பின்னே மறைந்து நிற்பது இரக்கமின்மை மட்டுமன்று. அறத்தின் உடையை அணிந்துகொண்ட ஒரு போலித்தனமும் ஆகும்.

இராணிக்கெட் நோயை உதாரணமாகக் கொள்ளலாம். 1926 இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இனங்காணப்பட்ட இந்நோய், அடுத்த சில ஆண்டுகளுள் இந்தியாவின் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெட்டிலும் அறியப்பட்டு, தென்னாசியாவில் அவ்வூரின் பெயராலேயே வழங்கலாயிற்று. இது வைரசினால் உண்டாவது. தடுப்பூசி உண்டு, ஆனால் வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. நோயுற்ற கோழி இரை எடுக்காது. பச்சை நிறமாய்க் கழியும். வாயைத் திறந்து மூச்சுக்கு ஏங்கும். நரம்பு பாதிக்கப்படின் கழுத்து முறுகித் தலை முதுகின்மேல் மடியும், கால்கள் விழுந்துவிடும். பக்கத்திலேயே சிரட்டையில் தண்ணீர் இருக்கும். முறுகிய கழுத்தினால் அதனை எட்ட இயலாது.

இந்நிலையில் வீட்டார் செய்வன மூன்று. வெங்காயமும் மஞ்சளும் அரைத்துத் தீத்திப் பார்த்துவிட்டு, பயனில்லை எனக் கண்டதும் கோடிப்புறத்தில் ஒரு கடகத்தால் மூடிவிடுதல் ஒன்று. அது ஒரு நாளிற் சாகலாம். நான்கு நாளும் செல்லலாம். எறும்பு மொய்க்கத் தொடங்கும் வேளையிலும் அதற்கு உயிர் இருப்பதுண்டு. நோய் முற்றுமுன் கோழி வாங்க வரும் வியாபாரியிடம் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுதல் இரண்டாவது. இதனால் அப்பறவையின் வேதனை முடிவதில்லை. காலிற் கயிறு கட்டப்பட்டுச் சைக்கிளிற் தலைகீழாகத் தொங்கும் வேதனையும் சேர்கின்றது. அதனோடு நோயும் அடுத்த ஊருக்குப் பயணமாகின்றது. அயலிலுள்ள ஏழை ஒருவரை அழைத்து, “கொண்டுபோய் என்னவாவது செய்” என ஒப்படைத்தல் மூன்றாவது. கொலையின் பாவம் அவருக்கு. கொல்லாமையின் புண்ணியம் வீட்டாருக்கு! தாம் செய்ய அஞ்சும் செயலைச் சமூகத்தின் அடித்தட்டில் இருப்பவன் கையில் திணித்துவிட்டுத் தம் கையைக் கழுவிக்கொள்ளும் இவ்வழக்கம் கோழியின் விடயத்தில் மட்டும் காணப்படுவதன்று.

இவற்றுக்கெல்லாம் கூறப்படும் நியாயம் ஒன்றே: “நோயாலே கிடக்கிற சீவனைக் கொல்லுறது பாவம்.” இந்நியாயம் எவர் வாயிலிருந்து வருகின்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது. மரக்கறி உணவே உண்ணும் சைவர் ஒருவர் இதனைக் கூறின், அவரோடு வாதிடலாம். அவரது நேர்மையை ஐயுற முடியாது. ஆனால் தீபாவளிக்கும் விருந்தினர் வருகைக்கும் கூட்டிலுள்ள கொழுத்த சேவலை ஒரு கணமும் தயங்காது அறுக்கும் வீடுகளிலும் இதே வார்த்தை ஒலிக்கின்றது. நலமாய்த் திரிந்த கோழி, இன்னும் சில ஆண்டுகள் வாழக்கூடிய கோழி, கறிச்சட்டிக்காகக் கொல்லப்படும்போது பாவம் என்ற சொல் எவர் நினைவுக்கும் வருவதில்லை. வாழ வழியற்று, மூச்சுக்கு ஏங்கி, சாவைத் தவிர வேறு விடிவில்லாத கோழியின் முன்னேதான் அச்சொல் பிறக்கின்றது. உண்பவன் நலனுக்காகக் கொல்வது வழக்கம். கொல்லப்படும் உயிரின் நலனுக்காகக் கொல்வது பாவம்! இதனைக் கொல்லாமை என்று அழைப்பது அச்சொல்லுக்கே இழைக்கும் அநீதியாகும். உண்மையில் இங்கு தொழிற்படுவது அருளன்று. இறைச்சிக்கு உதவாத பொருளின்மீது மனிதன் கொள்ளும் அசட்டையே.

கொல்லாமைக்கு வள்ளுவரைச் சான்று காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். திருக்குறளிற் கொல்லாமை 33 ஆம் அதிகாரம். அதற்கு முன்னர் 32 ஆம் அதிகாரமாக நிற்பது இன்னா செய்யாமை. பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போற் கருதிக் காவாதவன் பெற்ற அறிவினாற் பயனில்லை என்பது அவ்வதிகாரத்தின் கருத்துக்களுள் ஒன்று. துன்பத்தைப் போக்கும் ஆற்றல் தன் கையில் இருந்தும், தன் பாவக் கணக்கைக் காத்துக்கொள்வதற்காக அதனை நீளவிடுபவன் காப்பது உயிரையா, தன்னையா? கொல்லாமை அருளினின்று பிறந்த விரதம். அருளையே பலிகொடுத்து அவ்விரதத்தைக் காப்பது, கனியை எறிந்துவிட்டுத் தோலைப் பேணுவது போன்றதாகும்.

அகிம்சையின் பெயரை உலகறியச் செய்தவரான காந்தியடிகளே இச்சிக்கலுக்கு முகங்கொடுத்தவர். 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் பேசிச் சென்றார். அடுத்த ஆண்டு, 1928 இல், சபர்மதி ஆச்சிரமத்திற் கன்று ஒன்று ஊனமுற்றுத் தேறமுடியாத வேதனையிற் கிடந்தது. வைத்தியர் கைவிட்ட பின்னர், காந்தி தம் கண்முன்னேயே ஊசி மருந்தினால் அதன் உயிரை நீக்குவித்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை, கொல்லாதிருப்பது மட்டுமே அகிம்சை அன்று என்றும், வேதனையைத் தீர்க்க வேறு வழியில்லாதவிடத்து உயிரை நீக்குதலும் அகிம்சையாகலாம் என்றும் தம் பத்திரிகையில் வாதிட்டார். பசுவைத் தெய்வமாகப் போற்றும் சமூகத்தின் நடுவே, பசுங்கன்றின் விடயத்தில், புலாலுண்ணாத ஒருவர் துணிந்த செயலைக் கோழியின் விடயத்திற் செய்வதற்குப் புலாலுண்போர் அஞ்சுவது நகைப்புக்கிடமானது.

“கோழிக்கு என்ன நோவு தெரியும்?” என வினவுவோரும் உளர். இதற்கு விடையளிக்கக் கோழியையே சாட்சிக்கு அழைக்கலாம். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த பிறிஸ்ரல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், நொண்டும் இறைச்சிக் கோழிகளுக்கும் நலமான கோழிகளுக்கும் இருவகைத் தீனிகள் வைக்கப்பட்டன. ஒன்றில் காப்ரோபென் என்னும் வலிநீக்கி கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் மருந்து கலந்த தீனியை நலமானவற்றைவிட அதிகமாகத் தெரிந்து உண்டன. நொண்டல் கடுமையாகுந்தோறும் அவை உட்கொண்ட மருந்தின் அளவும் கூடிற்று. வாய்பேசாப் பிராணி தன் நோவை அலகினாற் கூறியபின்னும் மனிதன் கேளாதிருப்பானாயின், குறை கோழியின் அறிவில் அன்று.

வேறு தடைகளும் எழுப்பப்படுகின்றன. கன்மத்தை அநுபவித்தே கழிக்கவேண்டும், இடையில் முடித்தல் தகாது என்பர். அங்ஙனமாயின் நோயுற்ற பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டோடுவதும் கன்மத்திற் தலையிடுவதே. தன் நோய்க்கு மருந்தும் கோழியின் நோய்க்குக் கன்மமும் என்பது சித்தாந்தமன்று, வசதி. இன்று கோழிக்குக் கூறுவது நாளை மனிதருக்கும் கூறப்படும் எனச் சிலர் அஞ்சுவர். மனிதன் தன் விருப்பைக் கூறவல்லவன். அவன் விடயத்தில் எழும் வினாக்கள் வேறு, அவற்றுக்கான விசாரணையும் வேறு. ஒன்றை ஒப்புவதனால் மற்றையதும் ஒப்பப்பட்டதாகாது.

எல்லாவற்றிலும் கனமான தடை ஒன்றுண்டு. மனிதரே மருந்தின்றித் துடித்துச் செத்த மண்ணிற் கோழியின் வேதனைக்குக் கண்ணீரா என்பதே அது. 2009 இன் வன்னியில் நோவு தணிக்கும் மருந்துகூட இல்லாது காயப்பட்டோர் கிடந்ததைக் கண்ட மக்கள் இவ்வாறு கேட்கும்போது, எளிதாகப் பதில் கூறிவிட முடியாது. ஆயினும் தணிக்கப்படாத வேதனை எத்தகையது என்பதைப் புத்தகத்தினால் அன்றி வாழ்க்கையினால் அறிந்த சமூகம் இது. அவ்வறிவு நெஞ்சை மரத்துப்போகச் செய்யுமாயின் அழிவு இரட்டிப்பாகும். இரக்கம் பங்கிட்டாற் குறையும் கூப்பன் அரிசி அன்று.

இவ்வாதம் நோய்கண்ட கோழியை எல்லாம் கொன்றுவிடுமாறு கூறுவதாகக் கொள்ளலாகாது. அம்மைக் கொப்புளம், குடற்புழு, பாதத்துப் புண் ஆகியவற்றினின்று பராமரிப்பினால் தேறும் கோழிகள் பல. கொல்வதைத் தடுப்பூசிக்குப் பதிலாக்குவது சோம்பேறியின் வழி. முதலிற் செய்யவேண்டியது நோயுற்றதைப் பிரித்து வைத்தலும், அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தலும் ஆகும். நிற்கவியலாது, உண்ணாது குடியாது, மூச்சுக்கு ஏங்கி, தேறும் வழியும் அற்ற நிலையிலேயே கடமை பிறக்கின்றது.

கடமை பிறந்தபின் அதனைச் செய்யும் முறையும் அறத்தின் பாற்பட்டதே. நீரில் அமிழ்த்துதலும், கழுத்தைப் பிடித்துச் சுழற்றுதலும், மொட்டைக் கத்தியினால் அறுத்தலும் இரக்கத்தின் பெயரால் இழைக்கப்படும் வேறு கொடுமைகள். மிருக வைத்தியர் ஏற்கும் முறை, கழுத்தெலும்பை ஒரே அசைவில் விலக்குதல். ஒரு கையால் இரு கால்களையும் பற்றி, மறுகை விரல்களுக்கிடையே தலையை மண்டையின் பின்னே அடக்கி, அதனைப் பின்னோக்கி மடித்தவாறு உறுதியாகக் கீழிழுக்க, மண்டைக்கும் கழுத்துக்கும் இடையே முண்ணாண் அறுகின்றது. பின்னர் இறக்கை அடிப்பது தெறிவினையே. இது பார்த்துப் பழகவேண்டிய கைவேலை; தயங்கும் கை துன்பத்தைக் கூட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, கையாற் செய்யும் இம்முறையை 3 கிலோகிராமுக்கு மேற்படாத பறவைகளுக்கும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 பறவைகளுக்கும் மட்டுப்படுத்தியது. தொற்றுநோயால் இறந்ததை ஒழுங்கையில் வீசாது, கிணற்றுக்குத் தொலைவில் ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு இடல்வேண்டும்.

இவ்வறிவு வளவுக்குள் வந்து சேராமைக்குக் கோழி வளர்க்கும் பெண்ணைக் குறைகூற முடியாது. குஞ்சுகளைக் கொடுத்து நிழற்படம் எடுத்துச் சென்ற நிறுவனங்களில் எத்தனை, அவை நோயுற்றால் என் செய்வது எனக் கற்பித்தன? மிருகவதைத் தடுப்புக்கு இந்நாட்டிற் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது 1907 இல். அது விதித்த தண்டம் நூறு ரூபா. 2006 இற் சட்ட ஆணைக்குழு வரைந்த புதிய சட்டமூலம் பல்லாண்டுகள் கிடப்பிற் கிடந்தது. பேராதனையில் மிருக வைத்தியம் கற்பிக்கப்படுகின்றது. கற்ற அறிவு கிராமத்துக் கோழிக்கூட்டின் வாசலுக்கு வருவதற்குத்தான் பாதையில்லை. தடுப்பூசி கிராமந்தோறும் காலந்தவறாது கிடைக்கவேண்டும். கொல்லும் முறை பயிற்சியாகக் கற்பிக்கப்படவேண்டும். அதுவரை அயலிலுள்ள ஏழையின் கையே இச்சமூகத்தின் மனச்சாட்சிக்குப் பதிலாய் உழைத்துக்கொண்டிருக்கும்.

கோடிப்புறத்திற் கடகம் கவிழ்ந்து கிடக்கின்றது. அதன் கீழே ஓருயிர் மூச்சுக்கு ஏங்குகின்றது. அடுப்படியிலிருந்து அதனைக் கேட்டுக்கொண்டும் கேளாதவர்போல் இருப்பவர்கள், தாம் கொல்லவில்லை என்று ஆறுதல் கொள்ளட்டும். இரங்கினோம் என்று மட்டும் கூறாதிருப்பார்களாக.