சகுராவை எட்டு வயசுப் பிள்ளை பார்க்கலாமா?

ஆடி மாதத்துச் சனிக்கிழமை என்றால் குச்சனூரில் வீட்டுக்கு வீடு விருந்தாளிதான். சுயம்பு சனீஸ்வரரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வரும் கூட்டம் சுரபி நதிக்கரையில் ஒரு பக்கம் நிற்க, வெளியூரில் குடியேறிய சொந்தபந்தமும் அன்றைக்குத்தான் ஊருக்குள் வந்து இறங்கும். அப்படிக் கூடிய ஒரு வீட்டில் இந்த வருடம் நடந்த வாக்குவாதம்தான் இந்த வாரக் கதை. இது சொத்துப் பிரச்னையோ, மொய்ப் பாக்கியோ இல்லை. ஜப்பான் கார்ட்டூன் ஒன்றைப் பற்றிய சண்டை!

சண்டை போட்டது ஓர் அக்காவும் அவருடைய சித்தி மகளும். பெயர் வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். அக்கா நைன்டீஸ் கிட், சென்னையில் வேலை. தங்கச்சி மதுரையில் கல்லூரி படிக்கும் டூகே கிட். அக்காவின் மகளுக்கு எட்டு வயது. அந்தக் குட்டிக்கு இனிமேல் 'கார்ட்கேப்டர் சகுரா' போட்டுக் காட்டப்போகிறேன் என்று அக்கா ஆரம்பித்ததும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கச்சி நிமிர்ந்தார்.

"அந்த ஸ்லோ சீரியலையா? பிள்ளை பாவம்க்கா."

தெரியாதவர்களுக்காக ஒரு குறிப்பு. மந்திர சக்தி கிடைத்த ஒரு பள்ளிச் சிறுமி, பகலில் வீட்டுப்பாடம், ராத்திரியில் ஊரைக் காப்பாற்றும் வேலை. இப்படிப்பட்ட கதைகளுக்கு ஜப்பானில் 'மேஜிக்கல் கேர்ள்' என்று தனி வகையே இருக்கிறது. 1966-ல் 'சாலி' என்ற குட்டிச் சூனியக்காரியின் தொடரில் தொடங்கிய பாதை இது. 1992-ல் வந்த 'சைலர் மூன்' அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 'கார்ட்கேப்டர் சகுரா' 1998 ஏப்ரலில் தொடங்கி 2000 மார்ச் வரை 70 எபிசோடு ஓடியது. 'க்ளாம்ப்' என்ற பெண்கள் குழு வரைந்த காமிக்ஸ்தான் மூலம். பத்து வயது சகுரா, அப்பாவின் புத்தக அறையில் ஒரு பழைய புத்தகத்தைத் திறக்கிறாள். உள்ளே இருந்த மாயச் சீட்டுகள் காற்றில் பறந்து ஊரெல்லாம் சிதறிவிடுகின்றன. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதுதான் அவள் வேலை.

இந்தியாவுக்கு 2004-ல் வந்த அனிமேக்ஸ் சேனலில் இது ஆங்கிலத்தில் ஓடியது. அப்போது அக்காவுக்குப் பதினொரு வயது. பாதி வசனம் புரியாது. "புரியாட்டி என்ன, அவ முகத்தைப் பாத்தா போதும்" என்கிறார் இன்றைக்கும். தங்கச்சியின் தலைமுறைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஓடிடியில் அனிமேவுக்குத் தமிழ் டப்பிங் வந்தாயிற்று. போன 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தியேட்டரிலேயே தமிழ் பேசியது.

தங்கச்சியின் முதல் குற்றச்சாட்டு, இதில் வில்லனே இல்லை என்பது. சீட்டு வரும், சகுரா பயப்படுவாள், பிடிப்பாள், சுபம். 2011-ல் வந்த 'மடோகா மேஜிகா' மாதிரி வருமா? வெறும் 12 எபிசோடு. மந்திர சக்தி சும்மா கிடைக்காது, அதற்கு ஒரு விலை உண்டு என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். மூன்றாவது எபிசோடிலேயே முக்கியமான ஒருத்தியைச் சாகடித்துவிடுவார்கள். "அதப் பாத்துட்டு சகுராவப் பாத்தா தூக்கம்தான் வருது."

"வில்லன் இல்லாததுதாண்டி அதுல விசேஷமே" என்றார் அக்கா. சகுராவுக்குப் பேய் என்றால் நடுக்கம், இருந்தும் போகிறாள். பிடித்த சீட்டைக் கொல்வதில்லை, அதன் மேல் தன் பெயரை எழுதி வைத்துக்கொள்கிறாள். பின்னால் அவை அவளுக்கே துணை.

உடை விஷயத்தில் அக்கா இன்னும் சூடாகிவிட்டார். சைலர் மூனில் கதாநாயகி சுழன்றால் உடை மாறிவிடும். அந்தக் காட்சியை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு வாராவாரம் ஓட்டுவார்கள், செலவு மிச்சம். சகுராவுக்கு அப்படி உடை மாறாது. அவள் தோழி டோமோயோதான் இரவு உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் புது உடை தைத்துக் கொடுக்கிறாள். பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் அதைப் படமும் பிடிக்கிறாள். வாராவாரம் வேறு வேறு உடையில் வரைவது ஓவியர்களுக்கு எவ்வளவு வேலை! இந்த ஒரு பாயின்ட்டில் தங்கச்சி இறங்கி வந்தார். அவருக்கும் தையல் தெரியும்.

அடுத்து வெட்டிய கதை. அமெரிக்காவில் 2000-ல் இதை 'கார்ட்கேப்டர்ஸ்' என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். பையன்களும் பார்க்க வேண்டுமாம். அதற்காக, ஹாங்காங்கிலிருந்து வரும் ஷாவோரான் என்ற பையன் நுழையும் எட்டாவது எபிசோடிலிருந்து தொடங்கி, 70-ல் 39-ஐ மட்டும் காட்டினார்கள். யார் யார் மேல் ஆசை வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் நறுக்கிவிட்டார்கள். சைலர் மூனுக்கும் இதே கதிதான். அதில் காதலர்களாக வரும் இரண்டு பெண்களை ஆங்கிலத்தில் 'கஸின்ஸ்' என்று மாற்றினார்கள். (மாமன் மகளும் அத்தை மகனும் கட்டிக்கொள்ளும் நம்மூரில் இந்தத் தந்திரம் எடுபட்டிருக்காது!)

"கதையை வெட்டுறதுக்கு இவங்க யாரு?" என்று அக்கா கேட்டதுதான் தாமதம். தங்கச்சி அதற்காகவே காத்திருந்தார்.

"அப்ப ரிகா கதையையும் வெட்டாம பாப்பாவுக்குக் காட்டப் போறியா?"

அக்கா முழித்தார். பதினொரு வயதில் பார்த்தபோது அது கண்ணில் படவே இல்லை. ரிகா, சகுராவின் வகுப்புத் தோழி. அவளுக்கும் வகுப்பாசிரியர் தெரதாவுக்கும் இடையே 'அன்பு'. மூலக் காமிக்ஸில் அந்த ஆசிரியர் பத்து வயதுச் சிறுமிக்கு மோதிரமே கொடுக்கிறார். அனிமேயில் அதைச் சிறுமியின் மயக்கம் போலத் தணித்திருக்கிறார்கள், ஆனால் சாயல் போகவில்லை. சகுராவின் அம்மாவே 16 வயதில் தன் ஆசிரியரைக் கல்யாணம் செய்தவர்தான். இதெல்லாம் தப்பென்று கதையில் யாருமே சொல்வதில்லை. இனிமையான இசையோடு கடந்துபோகும். 2016-ல் தொடங்கிய தொடர்ச்சிக் காமிக்ஸில் ரிகா வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

நம்மூரில் 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான். குழந்தையின் சம்மதம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. பாலியல் குற்றத்தைச் செய்தவர் பள்ளியில் வேலை பார்ப்பவர் என்றால் தண்டனை இன்னும் கூடும். புகாருக்கு 1098 என்ற எண் இருக்கிறது. தங்கச்சி இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "வாத்தியார் பிரியமா இருந்தா அது நல்லதுன்னு பாப்பா நெனச்சுக்கிட்டா?" என்று கேட்டார்.

கத்தியும் வெங்காயமும் அப்படியே நின்றன. பெரியவர்கள் திண்ணையில் சாப்பாடு எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார். சகுராவுக்கு அம்மா கிடையாது. மூன்று வயதிலேயே போய்விட்டார். அப்பா பேராசிரியர். யார் இன்றைக்குச் சமையல், யார் பாத்திரம் என்று அந்த வீட்டுப் பலகையில் எழுதியிருக்கும். அப்பா சமைப்பார், அண்ணன் சமைப்பான், அவளும் சமைப்பாள். தினமும் காலையில் மேசையில் இருக்கும் அம்மா போட்டோவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

"எங்கம்மா போனப்ப எனக்கு ஒம்போது வயசு. எங்கப்பாவுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. அதான் என்னைய மதுரைக்கு உங்க வீட்டுக்கு அனுப்பி வச்சாரு. அங்கதான் சகுராவப் பாத்தேன்."

தங்கச்சி அப்போது பிறக்கவே இல்லை. அக்கா ஏன் தங்கள் வீட்டில் வளர்ந்தார் என்று அவர் கேட்டதும் இல்லை. 'படிக்க வந்தா' என்று வீட்டில் சொல்வார்கள், அவ்வளவுதான்.

"சரிக்கா. ஆனா அந்த வாத்தியார்?"

"வாத்தியார் தப்புத்தான். அதுல மாத்துக் கருத்தே இல்ல."

"அப்ப வெட்டுவியா?"

"வெட்ட மாட்டேன். பக்கத்துல உக்காந்து பாப்பேன். அந்த இடம் வந்தா நிறுத்திச் சொல்வேன்."

"எட்டு வயசுக்கு எப்படிச் சொல்லுவ?"

அதற்கு அக்காவிடம் உடனே பதில் இல்லை. இரண்டு பேரும் சாம்பார் கொதிக்கும்வரை அதையே பேசினார்கள். எந்த வார்த்தை போடுவது, 'அந்த வாத்தியார் பண்றது தப்பு' என்று மட்டும் சொன்னால் போதுமா, இல்லை ஏன் என்றும் சொல்ல வேண்டுமா என்று. 'யாராவது பெரியவங்க உன்கிட்ட ரகசியமா மோதிரம் குடுத்தா என்ன செய்வ?' என்று முதலில் பாப்பாவையே கேட்க வேண்டும் என்பது தங்கச்சியின் யோசனை. மோதிரம் கிடைத்தால் கடைக்கு விற்கப் போய்விடுவாள் என்றார் அக்கா.

சாப்பாடு முடிந்து மூவரும் ஒரே போனில் முதல் எபிசோடு போட்டார்கள். காற்றில் சீட்டுகள் பறந்ததும் குட்டி கை தட்டினாள். ஆனால் அவள் கேள்வி கேட்டது அதற்கும் முன்னால், காலைச் சாப்பாட்டுக் காட்சியில்.

"சித்தி, இவங்க வீட்டுல அந்த அண்ணனும் சமைப்பானா?"

"ஆமா பாப்பா."

குட்டி திண்ணைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தாத்தா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.