உங்கள் காரை யார் கழுவுகிறார்கள்?

காரை நாமே கழுவுவதா, வாட்டர் வாஷுக்கு விடுவதா? கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்த வாக்குவாதம் அடிக்கடி நடக்கும். ஒரு கட்சி சொல்லும்: நாமே கழுவினால் பெயின்டில் கீறல் விழாது, காசு மிச்சம், உடம்புக்கும் நல்லது, நம் வேலையை நாமே செய்வதில் என்ன கௌரவக் குறைச்சல்? இன்னொரு கட்சி சொல்லும்: வாரத்தில் கிடைப்பதே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதை வாளியோடு கழிக்கவா? காசைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் நுரை போட்டுப் பளபளவென்று தந்துவிடுவான்.

இரண்டு கட்சியும் பெயின்டைப் பற்றிப் பேசுகிறது, தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது, பணத்தைப் பற்றிப் பேசுகிறது. மனிதரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நம் நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நிற்கும் கார்களில் பாதியை முதலாளியும் கழுவுவதில்லை, வாட்டர் வாஷும் கழுவுவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருவர் ஒரு வாளி, இரண்டு துணியோடு வந்து துடைத்துவிட்டுப் போகிறார். முதலாளி கீழே இறங்கி வரும்போது வண்டி பளிச்சென்று நிற்கும். துடைத்தவர் இருக்க மாட்டார். விவாதத்திலும் அவர் இல்லை. நாம் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

சென்னை ஓஎம்ஆர் சாலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வரிசையாக அடுக்குமாடிகள். அவற்றை ஒட்டியே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் பிடுங்கி எறியப்பட்ட மக்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே கொண்டுவந்து கொட்டப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். பழைய இடத்தில் இருந்த வேலையும் போனது, பிள்ளைகளின் பள்ளியும் போனது. பக்கத்தில் இருந்த அடுக்குமாடிகளுக்கு மலிவான உழைப்பு நடந்து வந்து சேர்ந்தது. பெண்கள் வீட்டு வேலைக்கு, ஆண்கள் செக்யூரிட்டிக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் கார் துடைக்கவும்.

"கார் துடைப்பவர்கள் எல்லோரும் தலித்துகளா? எதற்கெடுத்தாலும் சாதியா?" என்று உடனே ஒரு கேள்வி வரும். எல்லோரும் தலித்துகள் இல்லை. வட மாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழைகள் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள். துணியைப் பிடிக்கும் கை எந்தச் சாதியுடையது என்பது ஒரு கேள்வி. அந்த வேலை எப்படி நடத்தப்படுகிறது என்பது இன்னொரு கேள்வி. அழுக்கைத் துடைக்கும் வேலை கேவலமானது, அதைச் செய்பவர் அதற்காகவே பிறந்தவர், அவருக்குக் கூலி கொடுப்பதே பெரிய தயவு: இந்த மூன்று எண்ணங்களும் சாதியின் சொத்து. அந்த வேலைக்கு யார் வந்தாலும் சாதி தன் விதிகளை அவர் மேல் விரித்துவிடும்.

விதிகள் என்ன? களத்தில் நாங்கள் பேசியவர்கள் சொன்னதை அப்படியே வைக்கிறோம். ஒரு காருக்கு மாதம் 500 ரூபாய். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கிடைத்தாலும்கூட, ஒரு தடவை துடைப்பதற்கு 20 ரூபாய்க்கும் குறைவு. ஒரு டீயும் ஒரு வடையும் அதைத் தாண்டிவிடும். முதலாளி பத்து நாள் ஊருக்குப் போனால் அந்தப் பத்து நாள் கூலி பிடிக்கப்படும். துணியும் ஷாம்பும் அவர் செலவு. பெரும்பாலான இடங்களில் கழிப்பறை கிடையாது, குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். லிஃப்டில் ஏறினால் முகச்சுளிப்பு. நாற்பத்தைந்து வயது மனிதரை இருபது வயதுப் பையன் "டேய்" என்கிறான். முதலாளியின் கைபேசியில் அவர் பெயர் "கார் வாஷ்". மூன்று வருடம் துடைத்த பிறகும் "கார் வாஷ்"தான்.

இரட்டைக் குவளை டீக்கடையில் மட்டும் இருப்பதாக நினைக்கும் நண்பர்கள் ஒருநாள் பார்க்கிங்கிற்கு வந்து பார்க்கலாம்.

இப்போது முதல் கட்சிக்கு வருவோம். "அப்படியென்றால் நம் காரை நாமே கழுவிக்கொள்வோம், யாரையும் சுரண்ட வேண்டாம்." நல்லது, கழுவுங்கள். ஆனால் அதைப் புரட்சி என்று சொல்லாதீர்கள். ஏனென்றால் ஒரே வாளி, ஒரே துணி, இரண்டு கைகளில் இரண்டு அர்த்தம் தருகிறது. ஆதிக்கச் சாதி அதிகாரி அரைக்கால் சட்டையோடு இறங்கித் தன் காரைக் கழுவினால் "என்ன எளிமை சார் உங்களுக்கு" என்று பாராட்டு கிடைக்கும். எங்கள் தோழர் ஒருவர் வங்கியில் அதிகாரி, கறுத்த மனிதர். சொந்த வீடு வாங்கிக் குடிபோன அடுக்குமாடியில் ஒரு ஞாயிறு காலை தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். மாடிவீட்டுக்காரர் வந்து நின்று கேட்டார்: "எங்க வண்டியும் பாத்துக்கிறியா? மாசம் எவ்ளோ?" அவருக்கு அது எளிமை. இவருக்கு அது பிறப்பு. தோழர் அதன் பிறகு காரைக் கீழே வைத்துக் கழுவுவதே இல்லை. சுயமாக உழைப்பதன் மேன்மையைப் பற்றி அவருக்கு யார் பாடம் எடுப்பது?

உழைப்பின் மேன்மை என்ற பேச்சைக் கேட்டாலே நமக்கு எச்சரிக்கை வேண்டும். துப்புரவு வேலையைப் புனிதமான சேவை என்று காந்தி புகழ்ந்ததை அண்ணல் அம்பேத்கர் தன் 1945ஆம் ஆண்டு நூலில் கிழித்துப்போட்டார். ஒரு வேலையைப் புகழ்ந்தே அந்த வேலையில் ஒரு கூட்டத்தைக் கட்டிப்போடலாம் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். புகழ்ச்சிக்குச் செலவில்லை. கூலியை உயர்த்தத்தான் செலவாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரை நாமே கழுவுவதென்று இன்றைக்கு முடிவெடுத்து, நாளைக்குக் காலையில் "இனி வர வேண்டாம்" என்று சொல்லிவிடுவது எளிது. பதினைந்து கார் துடைத்து ஏழாயிரத்து ஐநூறு ரூபாய் சம்பாதிப்பவருக்கு இரண்டு கார் போனால் ஆயிரம் ரூபாய் போனது. நம் மனச்சாட்சி சுத்தமாவதற்கு அவர் வீட்டு கேஸ் சிலிண்டர் காலியாக வேண்டுமா?

அடுத்தது வாட்டர் வாஷ் கட்சி. "அது முறையான தொழில், மெஷின் இருக்கிறது, பில் தருகிறார்கள், அங்கே சாதி இல்லை." அங்கே வேலை செய்பவர்களின் கால்களைப் பார்த்தீர்களா? நாள் முழுக்க ஷாம்புத் தண்ணீரில் நின்று விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். பூட்ஸும் கையுறையும் எத்தனை கடைகளில் இருக்கின்றன? ஈரத் தரையில் மின்சார பம்பு ஓடுகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் கடையிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். நம் ஊர்க் கதை மட்டுமல்ல இது. கையால் கார் கழுவும் கடைகளில் நடக்கும் உழைப்புச் சுரண்டல் குறித்து 2018இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவே விசாரணை நடத்த வேண்டியிருந்தது. அங்கே மாட்டிக்கொண்டவர்கள் வேறு நாட்டிலிருந்து வந்த ஏழைகள். மலிவான பளபளப்பு எங்கே கிடைத்தாலும் அதற்கான மீதிப் பணத்தை ஒரு தொழிலாளியின் உடம்பு கட்டிக்கொண்டிருக்கிறது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். மண்ணும் கிரீஸும் ஆயிலும் கலந்த அந்தத் தண்ணீரை வண்டல் தொட்டியில் தேக்கி எண்ணெயைப் பிரித்த பிறகுதான் வெளியே விட வேண்டும். பல கடைகளில் நேராகத் தெருவோரக் கால்வாய்க்குப் போகிறது. வீட்டு வாசலில் ட்யூப் பிடித்துக் கழுவுபவரின் தண்ணீரும் அங்கேதான் போகிறது. மண் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. அடைப்பை எடுக்க யார் இறங்குவது?

இந்த இடத்தில் நம் நாட்டின் லட்சணம் முழுதாகத் தெரிகிறது. காரைக் கழுவ அழுத்தப் பம்பு, நுரைத் துப்பாக்கி, மனிதக் கையே படாமல் கழுவும் தானியங்கிக் கூடம் எல்லாம் வந்துவிட்டன. சாக்கடைக்கு மட்டும் இன்னும் மனிதர் இறங்குகிறார். கையால் மலம் அள்ளுவதற்குத் தடை விதிக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு மூன்று மடங்கு ஆனது, சாவு நிற்கவில்லை. ஒன்றிய அரசு தந்த கணக்குகளிலேயே சாக்கடை மரணங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. கார் மேல் இருக்கும் அக்கறையில் கால்பங்கு மனிதன் மேல் இருந்திருந்தால் எந்த மெஷின் முதலில் வந்திருக்கும்?

தண்ணீர்க் கணக்கையும் பார்ப்போம். 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பும் ட்யூபைப் பத்து நிமிடம் திறந்துவிட்டால் 150 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு கிராமத்து மனிதருக்கு ஒரு நாளைக்கு அரசு நிர்ணயித்திருப்பது 55 லிட்டர். கிட்டத்தட்ட மூன்று பேரின் ஒரு நாள் தண்ணீர் ஒரு கார் மேல் ஓடுகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடிசைப் பகுதிப் பெண்கள் லாரிக்காக இரவெல்லாம் குடத்தோடு காத்துக் கிடந்தார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். தட்டுப்பாடு தன் வீட்டுக் குழாய் வரை வந்த பிறகுதான் நகரத்துக்கு உறைத்தது. தட்டுப்பாட்டிலேயே பிறந்து வளர்ந்த சேரிக்கு எந்த வருடம் அவசர நிலை அறிவித்தார்கள்?

ஆடு மாடு குடித்த மகாட் குளத்தில் தீண்டப்படாத மனிதன் கை வைக்கக் கூடாது என்றிருந்ததை எதிர்த்துத்தான் 1927இல் அம்பேத்கர் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஏறத்தாழ நூறு வருடம் ஆகப்போகிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அன்று மாட்டுக்குக் கிடைத்தது, இன்று காருக்குக் கிடைக்கிறது. வரிசையில் நாம் நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை.

அப்படியானால் நாம் கார் வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்க வேண்டும். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் நாம். பின் கண்ணாடியில் அண்ணல் படம் ஒட்டிய ஒரு பழைய மாருதி அந்தத் தெரு வழியாகப் போவதே ஓர் அரசியல் செயல். அதைப் பார்த்து வயிறெரிபவர்களோடு சேர்ந்து நாம் எளிமை உபதேசம் செய்யப் போவதில்லை. ஆனால் கார் வந்த மறுநாளே "பத்து ரூபா கம்மி பண்ணிக்கோப்பா" என்று பேரம் பேசும் வாய் நமக்கும் வந்துவிடக் கூடாது. படத்தைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, அந்தக் கண்ணாடியைத் துடைப்பவரை "டேய்" என்று கூப்பிட்டால் படத்தைக் கிழித்துவிடுவதே நாணயம்.

ஆகவே கேள்வியை மாற்றுவோம். நாமே கழுவுவதா, கடையில் விடுவதா என்பதல்ல. யார் கழுவினாலும் என்ன கூலிக்கு, எந்தத் தண்ணீரில், என்ன மரியாதையோடு என்பதுதான் கேள்வி. நம் கோரிக்கைகள் இவை:

நாமே கழுவினால், வாளியில் கழுவுவோம். ட்யூபை மூடுவோம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் குடியிருப்புகளில் அந்தத் தண்ணீரை மட்டுமே காருக்குப் பயன்படுத்த வேண்டும்.

ஒருவரை வேலைக்கு வைத்தால், அவர் பெயரைத் தெரிந்துகொள்வோம். "வாங்க, போங்க" என்று பேசுவோம். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை, ஊருக்குப் போனாலும் முழு மாதச் சம்பளம், கையுறையும் துணியும் நம் செலவு, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு மாதச் சம்பளம் போனஸ். ஒரு தடவைக்கு 20 ரூபாய் என்பது கூலியே இல்லை. அதை இரட்டிப்பாக்கினாலும் கார் தவணையில் அது தூசு.

குடியிருப்புச் சங்கத்தில் எழுந்து நின்று கேட்போம்: இங்கே வேலை செய்பவர்களுக்குக் கழிப்பறை எங்கே? குடிநீர் எங்கே? லிஃப்டில் யார் ஏறலாம் என்று முடிவு செய்ய நீ யார்?

கடையில் விட்டால், தண்ணீர் எங்கே போகிறது என்றும் தொழிலாளிக்கு பூட்ஸ் எங்கே என்றும் கேட்டுவிட்டு வண்டியை விடுவோம்.

தமிழ்நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு நல வாரியங்கள் இருக்கின்றன. வீட்டுப் பணியாளர்களுக்கான வாரியம் 2007லேயே வந்துவிட்டது. கார் துடைப்பவர்களில் வாரிய அட்டை வைத்திருக்கும் ஒருவரைக்கூட நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. மாணவத் தோழர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. சமூகவியல் படிப்பவர்கள் ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். உங்கள் விடுதிக்குப் பக்கத்திலுள்ள ஓர் அடுக்குமாடிக்குக் காலை ஐந்து மணிக்குப் போங்கள். பத்துப் பேரிடம் பேசுங்கள். எங்கிருந்து வந்தார்கள், எத்தனை கார், என்ன கூலி, எங்கே சிறுநீர் கழிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிடாமல், அவர்களைப் பதிவு செய்ய வைக்க விண்ணப்பத்தோடு மறுபடியும் போங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் 500, 800 ஆகும். தனித்தனியாகக் கேட்டால் "நாளைக்கு வராதே" என்ற பதில்தான் வரும்.

கார் பளபளப்பதில் நமக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அந்தப் பளபளப்புக்கு உரிய விலையை, அதை உண்டாக்கியவர் கையில் முழுதாகக் கொடுங்கள். நாம் கேட்பது தயவு இல்லை, பாக்கி.